ஸ்பான்டேனியஸாக இருப்பதற்கான ஒத்திகை

ஜூலை 8, திங்கள்

இன்று பிரேயரில் பிரின்சிபால் சார் புது ஆங்கில வார்த்தையை அறிவித்தார். எங்கள் பள்ளியில் ஒரு வார்த்தைக்கு ஒரு நாள்தான் ஆயுள். காலையில் யாராவது மைக்கில் பொருள் சொல்வார்கள், மாலை மணி அடிப்பதற்குள் எல்லோரும் மறந்துவிடுவோம். இந்த வார்த்தைக்கு மட்டும் மூன்று வாரம் தந்திருக்கிறார். வார்த்தை: ஸ்பான்டேனியஸ்.

காரணம், வரும் இருபத்தாறாம் தேதி மதிப்பீட்டுக் குழு ஒன்று கோவில்பட்டிக்கு வருகிறது. எந்தப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல் தாமாக யோசித்துப் பேசுகிறார்கள் என்று பார்த்து, அந்தப் பள்ளிக்கு ‘மாதிரிப் பள்ளி’ என்று பலகை கொடுப்பார்களாம்.

“நம்ம பிள்ளைங்க ஸ்பான்டேனியஸா இருக்கணும். அதுக்கு இன்னைக்கே பயிற்சிய ஆரம்பிக்கிறோம்” என்றார் சார்.

எங்கள் எட்டு பி வரிசையிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரியும், மாரிக்கனிதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. சார் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லையே.

ஆங்கிலம் எடுக்கும் பியூலா மிஸ் என்னை எட்டு பி-யின் வார்த்தை லீடர் ஆக்கினார். எனக்கு இரண்டு பொறுப்புகள். வார்த்தையின் பொருள், ஒத்த சொற்கள், பயன்பாடு எல்லாவற்றையும் தேடித் தர வேண்டும். மிஸ் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். நாட்குறிப்பு தொடங்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஜூலை 9, செவ்வாய்

அகராதியில் பார்த்தேன். வெளியிலிருந்து யாரும் தூண்டாமல், முன்கூட்டித் திட்டமிடாமல், உள்ளுக்குள்ளிருந்து தானாக எழுவது. நல்ல பொருள். ஆனால் தமிழில் ஒரே சொல்லில் சொல்லப் பார்த்தால் சிக்கிக்கொள்கிறது.

‘தன்னிச்சையான’ என்று அகராதி சொல்கிறது. செய்தித்தாளில் ‘தன்னிச்சையாக’ என்று வந்தாலே அந்த வாக்கியத்தில் யாரோ திட்டு வாங்குகிறார்கள். ‘தலைவர் தன்னிச்சையாக முடிவெடுப்பதாக உறுப்பினர்கள் புகார்’ என்பது மாதிரி. ‘தன்னெழுச்சியாக’ என்றால் பாராட்டு. ஆனால் அதைக் கூட்டத்துக்குத்தான் சொல்கிறார்கள், தனி ஆளுக்குச் சொல்வதில்லை. போன வாரம் ‘தன்னெழுச்சியாகத் திரண்ட மக்கள்’ என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். பின்னால் அவர்கள் வந்த லாரிகள் வரிசையாக நின்றன. ‘சட்டென்று’ என்பது வேகத்தை மட்டும் சொல்கிறது. ‘இயல்பாக’ ஓரளவு பொருந்துகிறது, ஆனால் அதில் அந்தத் துள்ளல் இல்லை.

ஒத்த சொற்கள்: இம்ப்ராம்ப்ட்டு, நேச்சுரல், வாலன்டரி, இம்பல்சிவ். இவை எல்லாம் ஒரே குடும்பம் என்றாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது என்று அடிக்குறிப்பு எச்சரிக்கிறது. எப்போது எதைப் போட வேண்டும் என்று மட்டும் அது சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

அந்தக் குறையை இன்று வகுப்பே தீர்த்துவைத்தது.

பியூலா மிஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தாளாளரின் மகள் ஹர்ஷிதா திடீரென்று பாட ஆரம்பித்தாள். மிஸ் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “ஹவ் ஸ்பான்டேனியஸ்!” என்றார். சிறிது நேரம் கழித்து மாரிக்கனி ஜன்னலைப் பார்த்து, “மிஸ், மழ! நெசமாவே மழ பெய்யுது!” என்று கத்தினாள். எங்கள் ஊரில் ஜூலையில் மழை பெய்தால் கத்தத்தான் தோன்றும். மிஸ் சொன்னார்: “டோன்ட் பி இம்பல்சிவ், மாரிக்கனி.”

ஆக, இரண்டு சொற்களுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். யார் செய்தார்கள் என்பதைப் பொறுத்து வார்த்தை மாறுகிறது. அகராதியில் இந்த விவரம் இல்லாததால் அதன் பின் அட்டையில் எழுதிவைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்னொரு பயன்பாடு கிடைத்தது. ஸ்பான்டேனியஸ் கம்பஸ்ஷன்: யாரும் பற்றவைக்காமல் ஒரு பொருள் தானாகத் தீப்பற்றிக்கொள்வது. காலையிலேயே உற்சாகமாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி சரிபார்க்கும் வேலை செய்கிறாள்.

“ஏ பிள்ள, மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல சூப்பர்வைசரு இருக்காரு” என்றாள்.

“இது அறிவியல்ம்மா. தானாவே தீப்பிடிக்கும்.”

“பிடிக்கும். பிடிச்சா ஆபீஸ்ல தானா பிடிச்சுதுன்னு எவன் ஒத்துக்கிடுதான்? யாராவது ஒருத்தி பேரு வேணும் அவனுகளுக்கு. போ, போய் உல வச்சுட்டு வந்து படி.”

உலை வைத்தேன். பள்ளியில் இந்தப் பயன்பாட்டை மிஸ்ஸிடம் கொடுத்தபோது, “இது வேண்டாம் பூரணி, நல்ல விதமா ஏதாவது சொல்லு” என்றார்.

ஜூலை 15, திங்கள்

ஒத்திகை தொடங்கிவிட்டது. விவரங்களை முழுவதுமாக எழுதிவைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

மிஸ் வார்த்தையின் பொருளைக் கேட்பார். வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வருகிறவர்களுக்கு எல்லாம் கையாகத்தான் தெரியும். மிஸ்ஸுக்கு மட்டும் யாரைக் கேட்கலாம் என்று தெரியும். மிஸ் சும்மா சுற்றிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் உடனே பதில் சொல்லக் கூடாது. கன்னத்தில் விரல் வைத்து, “ம்…” என்று யோசிக்க வேண்டும். பிறகு சொல்ல வேண்டும். முதல் முறை என் ‘ம்’ நீளமாகிவிட்டது. இரண்டாம் முறை, யோசிக்காமல் சொன்னதுபோல் இருந்தது. ஒன்பதாம் முறை பிரின்சிபால் சார், “இதுதான் நேச்சுரல்” என்றார்.

நான் முடித்ததும் மிஸ் தன்னை அறியாமல் சாக்பீஸைக் கீழே போடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் தன்னெழுச்சியாகக் கை தட்ட வேண்டும்.

மாரிக்கனி இடது கைக்காரர்களில் ஒருத்தி. “ஏட்டி, நான் எழுதுததும் இந்தக் கையிலதான். தெரிஞ்சாலும் இதுதான தானா மேல போவும்?” என்று கேட்டாள்.

“உனக்குத்தான் தெரியாதே” என்றேன்.

“அது சரி” என்று சிரித்தாள். அவளைக் காயப்படுத்துவது எளிதல்ல. அது அவளுடைய நல்ல குணங்களில் ஒன்று.

ஜூலை 18, வியாழன்

மிஸ் ஆபீஸ் ரூமுக்குப் போயிருந்த நேரத்தில் மாரிக்கனி கன்னத்தில் விரல் வைத்து, “ம்…” என்று என்னைப்போலவே செய்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவள் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். மறுபடி செய்தாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மறுபடி. இன்னொரு குறி. அது என் பொறுப்பு. மற்றவர்களும் பேசினார்கள்தான், ஆனால் சாக்பீஸ் சின்னதாகிவிட்டது.

அப்போதுதான் பிரின்சிபால் சார் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார்.

“மாரிக்கனி யாரும்மா? நீதானா? பிரேயர்ல சிரிச்சதும் நீதான? இங்க பாரு. இருபத்தாறாம் தேதி மட்டும் நீ வாயத் தொறந்த, இருபத்தேழாம் தேதி டி.சி. கையில குடுத்து அனுப்பிருவேன்.”

இடைவேளையில் மாரிக்கனி தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றாள். அவள் அப்பா மினி பஸ் ஓட்டுகிறார். “டி.சி. வந்துச்சுன்னா அப்பா வேற ஸ்கூல் எல்லாம் பாக்க மாட்டாரு. சிவகாசிக்குப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிருவாரு. அங்க கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான். ஏற்கெனவே கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்றாள்.

“அப்போ பேசாம இரு” என்றேன்.

“அதான் எப்படின்னு தெரியல. நீ எப்படிட்டி இருக்கே?”

வீட்டுக்கு வந்து ‘டியூட்டி’ என்ற வார்த்தையை அகராதியில் பார்த்தேன். கடமை, பொறுப்பு, சுங்க வரி. நான் செய்தது முதல் இரண்டில் வரும்.

ஜூலை 19, வெள்ளி

மாரிக்கனி இன்று பேசவில்லை. வகுப்பு நன்றாக நடந்தது. மதியம் அவள் வேறு பெஞ்சில் சாப்பிட்டாள். அங்கே காற்று வரும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 25, வியாழன்

கடைசி ஒத்திகை. என் ‘ம்’ குறையில்லாமல் வந்தது.

ஜூலை 26, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழுத் தலைவி மேடம் பெரிய கைப்பையோடு வந்தார். அதிகம் பேசவில்லை. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிரின்சிபால் சார் கதவோரம் சிரித்த முகமாக நின்றார். எல்லாம் திட்டப்படி இருந்தது.

மிஸ் பாடத்தை ஆரம்பிப்பதற்கு முன்பே மேடத்தின் பேனா மூடி கழன்று தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் சாக்பீஸ் விழுகிற சத்தம் போலவே இருந்தது. வகுப்பு முழுவதும் கை தட்டினோம்.

மேடம் குனிந்து மூடியை எடுத்தார். எங்களைப் பார்த்தார். “மூடிய கீழ போட்டதுக்கா இவ்வளவு பாராட்டு?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை, அது ஒத்திகையில் இல்லை.

பியூலா மிஸ் அவசரமாகக் கேள்வியைக் கேட்டார். எல்லாக் கைகளும் மேலே போயின. மிஸ்ஸின் பார்வை சும்மா சுற்றத் தொடங்கியது. நான் விரலைக் கன்னத்துக்குத் தயாராக வைத்திருந்தேன்.

“ஒரு நிமிஷம் மிஸ்” என்று மேடம் எழுந்தார். “யாரும் கைய எறக்காதீங்க. நானும் இந்த மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன்.” கைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். “எடது கை தூக்கியிருக்கிறவங்க மட்டும் எந்திரிங்க பார்ப்போம்.”

பிரின்சிபால் சாரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அவர் அதை விட்டு எங்கோ போய்விட்டார்.

மாரிக்கனியும் எழுந்து நின்றாள். மேடம் அவள் முன்னால்தான் நின்றார். “இந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்? தமிழ்லயே சொல்லு.”

மாரிக்கனி வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, “பேசலாமா சார்?” என்று கேட்டாள்.

சார் மேடத்தைப் பார்த்தார்.

“இல்ல, இன்னைக்கு வாயத் தொறந்தா நாளைக்கு டி.சி. தருவேன்னு சொன்னீங்கல்லா. அதான் கேக்கேன்.”

மேடமும் கதவுப் பக்கம் திரும்பினார்.

“அது… சும்மா தமாஷுக்கு மேடம்” என்றார் சார். “பேசும்மா. தாராளமா பேசு.”

“அப்போ சரி” என்று மாரிக்கனி மூச்சு விட்டாள். “மூணு வாரமா நாங்க பிராக்டிஸ் பண்ணாதது ஏதாவது இன்னைக்கு நடந்தா, அதான் மேடம் அதுக்கு அர்த்தம்.”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சாக்பீஸ் விழாததால் யாரும் கை தட்டவும் இல்லை.

என் பதிலை யாரும் கேட்கவில்லை. மிஸ்ஸின் உழைப்பு வீணாயிற்றே என்பதுதான் எனக்கு வருத்தம். வேறு எதுவும் இல்லை.

ஜூலை 27, சனி

மாரிக்கனிக்கு டி.சி. வரவில்லை. நல்லது. நான் பதினோரு நிமிடம் கண்ணாடி முன் ‘ம்…’ சொல்லிப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை.

ஜூலை 29, திங்கள்

மேடம் பார்வையாளர் குறிப்பில் எழுதியதைப் பிரின்சிபால் சார் பிரேயரில் வாசித்தார்: “எட்டு பி மாணவி மாரிக்கனியின் பதில் உண்மையிலேயே ஸ்பான்டேனியஸ்.” வருகைப் பதிவேட்டைக் கொடுக்க ஆபீஸ் ரூமுக்குப் போனபோது அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. அதில் இரண்டாவது வாக்கியமும் இருந்தது: “இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பேச விடுங்கள்.” மைக் சில நேரம் பாதியில் நின்றுவிடும், அதனால் இருக்கலாம்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி மேல்மட்டக் குழு வருகிறது. மாரிக்கனியைப் பார்க்கத்தான் வருகிறார்களாம். பள்ளி வாசலில் அவள் படத்தோடு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருக்கிறார்கள். படத்தில் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, வாயை மூடியிருக்கிறாள்.

மதியம் பியூலா மிஸ் அவளுடைய பதிலை எல்லோருக்கும் ஆங்கிலத்தில் டிக்டேட் செய்தார். பிரின்சிபால் சார் திருத்திக் கொடுத்தது. ‘மூணு வாரமா பிராக்டிஸ்’ என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சத்தில் கருத்து எதுவும் இல்லாததால் நீரூற்று, வானவில் என்று இரண்டு உவமைகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வாரத் தேர்வு. ‘ஸ்பான்டேனியஸ்’ என்பதை விளக்குக, ஐந்து மதிப்பெண். எனக்கு ஐந்து. மாரிக்கனிக்கு இரண்டு. அவள் தாளில் மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘சொந்த நடை. தவிர்க்கவும்.’

மாரிக்கனி தாளை என்னிடம் நீட்டினாள். “நான் சொன்னதுக்கு எனக்கே ரெண்டுட்டி. நீ அஞ்சு. எப்படிட்டி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கவில்லை. மதியம் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். “அங்க காத்தே இல்ல” என்றாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்றைய ஒத்திகையில் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

புதுத் திட்டம் இது. பேனா மூடியை மிஸ்ஸே கீழே போடுவார். மாரிக்கனி இடது கை தூக்கி எழுந்து, கதவுப் பக்கம் திரும்பி, “பேசலாமா சார்?” என்று கேட்க வேண்டும். சார் சிரித்துக்கொண்டே, “நம்ம ஸ்கூல்ல பேச அனுமதி எதுக்கும்மா?” என்பார். பிறகு அவள் நீரூற்று, வானவில் எல்லாம் சேர்த்த பதிலைச் சொல்ல வேண்டும்.

மாரிக்கனி எழுந்தாள். கதவைப் பார்த்தாள். “பேசலாமா…” என்றவள் சிரித்துவிட்டாள்.

மறுபடி. மறுபடியும் சிரிப்பு. நான்காம் முறை சிரிப்பும் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. சும்மா நின்றாள்.

“அன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?” என்றார் சார்.

“அன்னைக்கு நெசமாவே பயமா இருந்துச்சு சார்.”

“இப்போ பயம் இல்லையோ?” சார் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். “டி.சி. ரெடியா இருக்கு, கையெழுத்துதான் பாக்கி. ஒழுங்கா ஸ்பான்டேனியஸா செய்யப் போறியா, இல்லையா?”

மாரிக்கனியின் இடது கை இன்னும் மேலேயே இருந்தது, இறக்க மறந்துவிட்டாள். அவள் சிவகாசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். கை தூக்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை.

“அவளுக்கு டி.சி. குடுத்தா பதினாலாம் தேதி யாரக் காட்டுவீங்க சார்?”

சார் என்னை அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்தார்.

“வாசல்ல அவ படந்தான சார் இருக்கு. அவ சொன்னது எழுதிக் குடுத்தது இல்ல சார், அவளா சொன்னது. அத மறுபடி சொல்லச் சொன்னா யாருக்கும் வராது. எனக்கும் வராது. அவ இல்லேன்னா நான் அன்னைக்கு வாயத் தொறக்க மாட்டேன். ‘ம்’ கூடச் சொல்ல மாட்டேன்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கொஞ்சம் கீச்சென்று.

அப்போது பியூலா மிஸ் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது.

வகுப்பு முழுவதும் கை தட்டியது. நிறுத்தச் சொல்லும்வரை தட்டியது.

“கை வழுக்கிருச்சு சார்” என்றார் மிஸ். அவர் குனிந்து சாக்பீஸைத் தேட ஆரம்பித்தார். அது காலடியிலேயே கிடந்தது. இருந்தாலும் நெடுநேரம் தேடினார்.

சார் தாளை எடுத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டு, “நீயுமா பூரணச்செல்வி?” என்று என் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வார்த்தை லீடர் பதவியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஃப்ளெக்ஸில் படம் இருப்பவளுக்கு ஏதாவது பதவி வேண்டும் என்பதால் மாரிக்கனியை நியமித்திருக்கிறார்கள். அவள் பதவி ஏற்றதும் செய்த முதல் காரியம், இடது கையால் பலகையில் பெரிதாக என் பெயரை எழுதியது.

“நான் பேசவே இல்லையேட்டி!”

“நேத்துப் பேசினேல்லா” என்றாள். “பக்கத்துல என்ன போட? நீதான சொல்லுவ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தைன்னு. மிஸ் சொல்லுத மாதிரி இம்பல்சிவ்னு போடவா?”

அகராதியின் பின் அட்டையில் நான் எழுதிவைத்த விதி நினைவுக்கு வந்தது. அதன்படி பார்த்தால் எனக்கு அந்த வார்த்தைதான்.

“எதையாவது போட்டுக்கோ” என்றேன்.

அவள் ஒன்றும் போடவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “யாரு பேரச் சொன்னாங்க?” என்று கேட்டாள். இரண்டு பேர் பெயரும் இருக்கிறது என்றேன். “அப்படின்னா பரவாயில்ல. ரெண்டு பேருன்னா யோசிப்பானுக” என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

குழு வந்தது. இந்த முறை ஒரு வயதான சார். பிரின்சிபால் சார் யாரையும் கை தூக்க வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். டி.சி. தாளை எங்கள் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டார். எங்கள் மேல் அவருக்கு அவ்வளவு பயம் வந்திருக்கிறது.

வந்தவர் நேராக மாரிக்கனியிடம் போனார். “நீதானாம்மா அது? உன் பேச்சக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஏதாவது சொல்லு.”

மாரிக்கனி யோசித்தாள். கன்னத்தில் விரல் வைக்கவில்லை. பிரின்சிபால் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்போ ஒண்ணும் தோணல சார்” என்றாள்.

சாக்பீஸ் எதுவும் விழவில்லை. நான் கை தட்டினேன்.